படிக்கும் பெண்ணுக்கு ஒரு சுவர்

பிரெஞ்சு ஓவியர் பிராகோனார் 1769 வாக்கில் தீட்டிய 'படிக்கும் இளம்பெண்' இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மஞ்சள் உடை, முதுகுக்குப் பருத்த தலையணை, ஒரு கைக்குள் அடங்கும் சிறு புத்தகம். அவளை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அந்தப் படத்தில் புத்தகத்தைவிட அந்த நிம்மதிதான் பெரிதாகத் தெரிகிறது.

ஜொகூரின் குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நம் பாட்டிமார் பலருக்கு அது வாய்க்கவே இல்லை. லயத்து வீட்டுச் சுவரிலும் ஏடேந்திய பெண் ஒருத்தி இருந்தாள்: சரஸ்வதி. ஓவியர் ரவிவர்மா 1896-இல் வரைந்த சரஸ்வதிக்கு முன்கைகளில் வீணை, இன்னொரு கையில் ஏட்டுச்சுவடி. அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை எளியவர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. பின்னால் வந்த நாள்காட்டிப் படங்களிலும் அந்தச் சாயல் தொடர்ந்தது.

சரஸ்வதி பூஜையன்று அந்தப் படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பூஜை முடிந்தால் அண்ணன் தம்பி பள்ளிக்குப் போவார்கள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவதால் மூத்த பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வீட்டில் நிற்பாள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று அண்டையிலிருந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-லேயே சட்டம் வந்தது. தோட்டத்தில் பள்ளி இருந்தும் அங்கே போய் உட்கார அவளுக்குப் பொழுது இல்லை. அந்த அநியாயத்தை வறுமை என்ற ஒரு சொல்லால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே வறுமையில்தான் அண்ணனும் படித்தான்.

படிக்க வாய்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மலாயாவில் 1960-இல் உருவான பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவரான ராசம்மா பூபாலன், ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார்.

இன்று ஜாலான் ஹாஜி மனான், நியோர், மெங்கிபோல் தமிழ்ப்பள்ளிகளுக்கு நம் பெண்பிள்ளைகள் நீலச் சீருடையில் போகிறார்கள். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இருந்தும் வீட்டில் பாத்திரம் கழுவ முதலில் எழுப்பப்படுவது யார்?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுவரில் அந்த நீலச் சீருடையிலேயே, நம் நிறத்திலேயே, ஊன்றிப் படிக்கும் ஒரு பெண்ணை வரையுங்கள். பெற்றோருக்கு இன்னொன்று: உங்கள் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் அவளைக் கூப்பிடாதீர்கள்.