பிறேக்கும் மனச்சாட்சியும்

பழைய மோட்டார் வண்டியை விற்க எண்ணுபவனுக்கு முன்னே பல வேலைகள் காத்திருக்கின்றன. மங்கிய நிறத்தைத் துலக்கலாம். கிழிந்த இருக்கைக்குப் புதிய உறை தைப்பிக்கலாம். இவற்றைச் செய்தாலும் விட்டாலும் இலாப நட்டம் பணத்தோடு முடிந்துவிடும். பிறேக் அத்தகையதன்று. அதனை விற்பவன் தன் கையாலேயே திருத்தலாமா என்னும் வினா, சிக்கனம் பற்றிய வினாப்போலத் தோன்றி, ஈற்றில் அறம் பற்றிய வினாவாக நிற்கின்றது. அண்மையில் அவ்வினாவுக்கு விடை காணவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

என்னிடம் இருந்தது ஒரு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் அமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த இவ்வண்டியை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. 1990களில் எரிபொருள் அரிதாகியிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்ட பழைய வண்டிகளுள் இதுவும் ஒன்று. எனது வண்டியிற் கண்ட குறை இதுதான்: பிறேக் மிதியை ஒரே அளவாக அழுத்திப் பிடித்தால், அது நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வெளியே ஒழுக்கு எதுவும் தென்படவில்லை.

இதன் பொருளை அறியச் சிறிது பௌதிகம் போதும். மூடிய திரவத்தின்மீது ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எங்கும் பரவும் என்பது பாஸ்காலின் விதி. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் அமுக்கத்தைக் கொண்டு செல்கின்றது. குழாயிற் காற்றுப் புகுந்திருந்தால் மிதி பஞ்சுபோல மெத்தெனும். ஏனெனில் காற்று சுருங்கும், திரவம் சுருங்காது. வெளியே ஒழுக்கின்றி மிதி மெல்ல இறங்குமாயின், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயுள்ள றப்பர் தேய்ந்து, திரவம் பின்னோக்கி நழுவுகின்றது என்று கொள்ளலாம். இவ்வண்டியின் திரவப் பாதையோ ஒன்றே. ஓரிடத்தில் அது அற்றுப்போனால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது பின்சில்லுகளைப் பற்றும் கைப்பிறேக் மாத்திரமே.

நானே திருத்துவதற்குச் சார்பான நியாயங்கள் இல்லாமலில்லை. சில்லுகளைக் கழற்றி லைனிங் மாற்றிய பழக்கம் எனக்குண்டு. வேண்டிய றப்பர்களின் விலையும் பெரிதன்று, கூலி மிச்சமாகும். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் இவ்வண்டியில் ஓட்டுநரின் காலடியில், சட்டத்தின் உள்ளே, கை எளிதில் எட்டாத இடத்தில் இருக்கின்றது. அதனுட்சுவரில் நகத்துக்கே தட்டுப்படும் சிறு துருக்குழி இருந்தாலும் புதிய றப்பர் விரைவில் அறுபடும். நாம் பிறேக் ஒயில் என்று பெயரிட்டு அழைப்பது உண்மையில் எண்ணெயன்று. அந்தப் பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயைக் கலந்தால் றப்பர்கள் ஊதிக் கெடும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டொட் 3 என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரமேறியபின் அவ்வெல்லை 140 பாகையளவுக்குத் தாழலாம். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவையே. ஆயின், முதன்முறையாகக் கற்றுக்கொள்பவனின் வேலையைச் சோதிப்பவர் யார்?

இங்கேதான் விற்பவனின் நிலை வேறாகின்றது. தன் வண்டியைத் தானே திருத்தி ஓட்டுபவன் தன் வேலையைத் தானே சோதிக்கின்றான். மிதி சற்றே இறங்கினாலும் அவன் கால் அதனை உணரும். விற்பதற்காகத் திருத்துபவனோ நாளை அதில் ஏறப்போவதில்லை. அவன் வேலையைச் சோதிப்பது வாங்கியவனின் உயிர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். அந்த ஒரு வினாடியில் கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கின்றது?

அவ்வாறாயின், குறையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன? இவ்வினா மிகப் பழையது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைக் கூறவேண்டுமா என்னும் வழக்கு வருகின்றது. கூறாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது தயோசெனிசின் கட்சி. அறிந்ததனைத்தையும் கூறவேண்டும் என்பது அந்திப்பாற்றரின் கட்சி. சிசரோ பின்னவர் பக்கமே நின்றார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகஞ் செய்வார்க்கு வாணிகம் என்ற வள்ளுவரின் 120ஆவது குறளும் அப்பக்கமே நம்மை அழைக்கின்றது.

எனினும், பிறேக்கைப் பொறுத்தவரை சொல்லிவிடுவதோடு கடமை தீர்ந்துவிடுமா என்பது என் ஐயம். வீட்டின் குறை அதில் வாழ்வோரோடு நின்றுவிடும். பிறேக்கின் குறையோ வீதிக்கு வருகின்றது. விலையைக் குறைத்தபோது நானும் வாங்குபவரும் உடன்பட்டோம். சைக்கிளிற் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் எவரும் சம்மதங் கேட்கவில்லை, அதற்கு விலைக்கழிவும் கொடுக்கவில்லை. என் வண்டியை விரும்பியவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அடுத்த சம்பளத்தில் திருத்துகிறேன் என்று எண்ணி அவர் அதுவரை ஓட்டமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே, கைதேர்ந்த ஒருவரின் கராச்சில் வேலையை ஒப்படைத்தேன். மாஸ்டர் சிலிண்டரும் றப்பர்க் குழாய்களும் மாற்றப்பட்டன. இளைஞரையும் அங்கு வரவழைத்து, கழற்றிய பழைய பாகங்களைக் காட்டி, பற்றுச்சீட்டையும் அவர் கையிற் கொடுத்தேன். செலவு முழுவதும் விலையில் திரும்பவில்லை. திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

தொழிலறிந்தவர்கள் தம் கையாலேயே திருத்துவதை நான் குறைகூறவில்லை. அவர்களுக்கும் ஒரு வேண்டுகோளுண்டு. திருத்திய வண்டியிற் சில நாட்கள் தம் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பின்னர் அதனை விற்கட்டும். அதற்கு மனம் தயங்குமாயின், அவ்வண்டி விற்பனைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே பொருள்.