புதுப் பேரேடும் புதுச் செல்போனும்



2023 டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை நம் மாவட்டத்து வியாபாரி எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் கடைவீதிகளுக்குள் புகுந்தது. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. எமது கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். வத்தல் மூடைகளை மேல் அடுக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையிலிருந்த செல்போன் நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. எடுப்பதற்குள் அணைந்துவிட்டது.

நனைந்த பேரேடுகளை வெள்ளம் வடிந்த பிறகு மாடியில் வெயிலில் காயப் போட்டோம். தாள் உப்பிப்போனாலும் எழுத்துத் தெரிந்தது. போனை அரிசிக்குள் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றார்கள். மூன்று நாள் பொன்னி அரிசிக்குள் கிடந்தது. அரிசிதான் வீணாயிற்று.

ஒரு போன் கெட்டுப்போனதைப் பெரிய இழப்பு என்று எழுதுகிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. பில் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆடிட்டரிடமும் நகல் இருந்தது. அதில் குறையில்லை. ஆனால் பில் போட்ட பிறகு நடப்பதுதானே வியாபாரம்? எந்தக் கடை எவ்வளவு ரொக்கம் கொடுத்தது, எந்த மூடை திரும்பி வந்தது, பேசிய விலையில் எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் முன்பு சிட்டையில் இருக்கும். 2021 முதல் நான் சிட்டை எழுதுவதை விட்டுவிட்டேன். லைன் வசூலுக்குப் போகும் தம்பி அன்றன்றைய வசூல் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். கடைக்காரர்கள் ஆர்டரையும் கணக்கையும் குரலாகவே பேசி அனுப்புவார்கள். தம்பியோ தன் போனில் இடம் போதவில்லை என்று வாரந்தோறும் அழித்துவிடுவார். ஆக 64 கடைகளின் நிலுவை, ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய், என் ஒருவனுடைய போனில் மட்டுமே இருந்தது.

சிம் கார்டுக்கு மாற்று கார்டு சீக்கிரமே கிடைத்தது. எண் அதே எண்தான். புதுப் போனும் வாங்கியாயிற்று. வாட்ஸ்அப்பைத் திறந்தால் கணக்குக்கு ஒரு வரியும் இல்லை. நம் சங்கத்துக் குழு மட்டும் பெயரோடு வந்து நின்றது. அழைப்புகள் வந்தபோது பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். இருபது வருடப் பழக்கமுள்ள கடைக்காரரிடம் "யார் பேசுறது?" என்று கேட்க வேண்டியதாயிற்று.

"தாத்தா, பழைய போன்ல எந்த கூகுள் கணக்கு போட்டிருந்தீங்க?" என்று பேத்தி கேட்டாள். அப்போதுதான் நான் செய்த தவறு விளங்கியது. பழைய போனை வாங்கிய நாளில் கடையிலிருந்த பையன், "மெயில் ஐ.டி. இருக்கா அண்ணாச்சி?" என்றார். இல்லை என்றேன். "நானே ஒண்ணு போட்டுத் தாரேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று போட்டுக் கொடுத்தார். என்ன பெயர் வைத்தார், என்ன பாஸ்வேர்டு என்று நானும் கேட்கவில்லை, அவரும் எழுதித் தரவில்லை. மீட்பு எண் என்று கேட்கும் இடத்தையும் காலியாக விட்டிருந்தார். வாட்ஸ்அப் தினமும் இரவு நகல் எடுத்து அந்தக் கணக்கில் சேர்க்கும்படி அமைத்தவரும் அவரே. அதாவது என் கணக்கு அத்தனையும் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது; சாவி மட்டும் இல்லை. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லாப்பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டுச் சாவியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவன் நான்தானே?

நான் கடைக்கு வந்த காலத்தில் விருதுநகர் மார்க்கெட் விலை கேட்க டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். அவசரம் என்றால் அர்ஜெண்ட் கால், கட்டணம் கூடுதல். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. 2003 வரை வருகிற அழைப்புக்கும் நாமே பணம் கட்டினோம். அப்படியிருந்தும் வியாபாரிகள் அதை விடவில்லை. லாபம் இருந்தது. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையே செல்போன் வந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-இல் எழுதினார். அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி மற்றொரு கரையில் மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். கடலிலிருந்தபடியே விலை விசாரித்துப் படகைத் திருப்பும் வசதி வந்ததும் மீனவர் லாபம் சராசரி 8 சதவிகிதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஆதாயம்.

அந்தப் போனில் பேச்சு மட்டுமே இருந்தது. தண்ணீரில் விழுந்தால் போனின் விலை போயிற்று, அவ்வளவுதான். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு நம் பணமும் அதற்குள் போயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிக்கான ஓ.டி.பி.யும் அதற்கே வருகிறது. 2025 ஏப்ரல் முதல் இ-வே பில் தளத்தில் நுழையவும் எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. போன் இல்லாத நாளில் லாரி கிளம்பாது. ஆகவே புதுப் போன் வாங்குவதைப் புதுக்கணக்கு எழுதுவதுபோல் நினைத்து, வீட்டில் உட்கார்ந்து அரை நாள் செலவழிக்க வேண்டும். வாங்கிய கடையில் நின்றுகொண்டே செய்யும் வேலை அல்ல.

பேத்தியோடு உட்கார்ந்து நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் பெயரில் ஒரு கூகுள் கணக்கு. மெயில் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு சிறு நோட்டில் என் கையாலேயே எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்தேன். கடையில் வைக்கவில்லை. மீட்பு எண்ணாக என் எண்ணோடு மகனுடைய எண்ணையும் சேர்த்தோம். போன் தொலைந்தால் என் எண்ணும் அதோடு சேர்ந்துதானே போகிறது? பிறகு தொடர்பு எண்கள் புதிதாகப் பதியும்போது எங்கே சேர வேண்டும் என்று போன் கேட்கும். சிம் என்றோ போன் என்றோ சொல்லாமல் கூகுள் கணக்கு என்று கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் நாளைக்கு எந்தப் போனில் அந்தக் கணக்கைப் போட்டாலும் பெயர்கள் தாமாக வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதற்குள் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் என்று இருக்கிறது. அங்கே எந்தக் கணக்குக்கு நகல் போகிறது, கடைசியாக எப்போது போனது என்று தேதியோடு தெரியும். இதை இன்றைக்கே ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. 2024 முதல் இந்த நகல், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். இடம் நிரம்பினால் நகல் நின்றுவிடும். காலை வணக்கம் என்று பூவும் சூரியனும் போட்டு வரும் படங்களே பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. (அனுப்புகிறவர்களில் நம் சங்க உறுப்பினர்களும் உண்டு. அன்பு குறைய வேண்டாம், படம் குறையலாம்.) புதுப் போனில் வாட்ஸ்அப் போடும்போது அதே எண், அதே கூகுள் கணக்கு இரண்டும் இருக்க வேண்டும். பழையதைத் திரும்ப எடுக்கவா என்று ஆரம்பத்திலேயே கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிட்டால் பிறகு சிரமம். பழைய போன் நல்ல நிலையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நேரடியாகவே மாற்றிக்கொள்ளலாம். 2023 முதல் அந்த வசதி உண்டு. எல்லாம் மாறியதை நம் கண்ணால் பார்த்த பிறகே பழைய போனை அழித்துக் கொடுக்க வேண்டும்.

யு.பி.ஐ. விஷயத்தில் எனக்கு ஒரு நாள் வீணாயிற்று. புதுப் போனில் யு.பி.ஐ. வேலை செய்ய, அதிலுள்ள சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். மாற்று சிம் போட்டால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கப்படும். நம் எண்ணில் வேறொருவன் சிம் வாங்கிப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெரியாமல் நான் பத்து முறை முயன்று, வங்கியில் போய்ச் சத்தமும் போட்டுவிட்டு வந்தேன். சுவரில் ஒட்டிய கியூ.ஆர். அட்டைக்கு வரும் பணம் நம் போன் செத்திருந்தாலும் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது, அதுதான் குறை. அதற்காகவே கல்லாவில் குரல் சொல்லும் பெட்டி ஒன்றைத் தனியாக வைத்தேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாங்க வந்தவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கு கொடுக்க வேண்டியதில்லை. போலிப் படம் தயாரிப்பது இன்று பிள்ளை விளையாட்டு.

பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் பின் எண் தேவையில்லை. "உங்களுக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், பின் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், எத்தனை டன் ஆர்டர் பேசினாலும் அவன் வியாபாரி அல்ல. அதுபோலவே கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் தொடக் கூடாது. தொட்டால் நம் போனுக்கு வரும் ஓ.டி.பி. அவனுக்கும் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழியுண்டு.

பூட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரைப் பூட்டும் வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணும் கட்டாயம் வேண்டும். சிம்முக்குத் தனிப் பூட்டு போடுவது நல்லதுதான். ஆனால் மூன்று முறை தவறினால் பி.யு.கே. எண் கேட்கும், அதைப் பத்து முறை தவறினால் சிம் பயனற்றுப் போகும். நினைவில் நிற்காது என்பவர்கள் நோட்டில் எழுதி வைத்த பிறகே போடட்டும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணையும் அதே நோட்டில் குறித்து, பில்லையும் உடன் வைத்தால், போன் திருட்டுப் போனால் 2023 மே முதல் நாடு முழுவதும் நடப்பிலுள்ள அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனையே முடக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் நான் சிட்டைக்குத் திரும்பிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. வெள்ள நாட்களில் எங்கள் பகுதியில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. யு.பி.ஐ. உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகவே நின்றார்கள். கையில் பத்து ரூபாய் நோட்டு வைத்திருந்தவருக்குப் பால் கிடைத்தது. இப்போது சனிக்கிழமை மாலைதோறும் ஒவ்வொரு கடையின் நிலுவையையும் சிட்டையில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அந்தந்தக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். அவர்கள் "சரி" என்று பதில் போட வேண்டும். கணக்கு என் சிட்டையிலும் இருக்கிறது, என் கூகுள் கணக்கிலும் இருக்கிறது, கடன்பட்டவர் போனிலும் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. முதலில் சிலர், "என்ன அண்ணாச்சி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்கள். போன கதையைச் சொன்னதும் அவர்களே அந்தப் படத்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அந்த 9 லட்சம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கையில் கணக்கே இல்லாமல் 2024 ஜனவரி முழுவதும் ஊர் ஊராகப் போனேன். "உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டு, அவர்கள் எனக்கு அனுப்பியதை அவர்களிடமிருந்தே எழுதிக்கொண்டு வந்தேன். நான் மறந்துபோன தொகையை எடுத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். நான்கைந்து பேர் மட்டும், "எல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சே" என்றார்கள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் ஏது? அந்த வகையில் எழுபதாயிரம் போயிற்று.

ஏரலில் ஒரு கடைக்காரர். அவர் கடைக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து சேறாகிக் கிடந்தது. தட்டில் ஒரு பொட்டலம் மிஞ்சவில்லை. அவரிடம் கேட்க மனம் வராமல் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். அவரே பின்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். "உங்க போன் போயிட்டுன்னு சொன்னாங்க அண்ணாச்சி. நான் தர வேண்டியது 41,300. இப்ப முடியாது, ஆனா கணக்கு எழுதிக்கிடுங்க" என்றார். 2024 ஆடி மாதத்தில் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தார். அன்றைக்கே புதிதாக ஆறு மூடை மல்லிக்கும் ஆர்டர் சொன்னார்.