போரை முதலில் கண்டவர்: யார் இந்த கிளேர் ஹாலிங்வொர்த்?

இரண்டாம் உலகப் போர் மூளவிருப்பதை உலகுக்கு முன்கூட்டியே தெரிவித்தவர், பணியில் சேர்ந்து ஒரு வாரம்கூட நிறைவடையாத பெண் நிருபர்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1911-இல் பிறந்த கிளேர் ஹாலிங்வொர்த், 1939 ஆகஸ்டில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழுக்காகப் போலந்து சென்றார். பிரிட்டன் துணைத் தூதரின் காரை இரவல் பெற்று எல்லை கடந்த அவர், சாலையோரச் சாக்குத் திரை காற்றில் விலகியபோது, ஜெர்மன் டாங்கிகள் குவிந்திருப்பதைக் கண்டார். ஆகஸ்ட் 29 அன்று அச்செய்தி முதல் பக்கத்தில் வெளியானது.

செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி படையெடுத்தது. இதனைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, வார்சாவிலிருந்த பிரிட்டன் தூதரக அதிகாரி நம்ப மறுத்தார். உடனே ஜன்னலுக்கு வெளியே தொலைபேசியை நீட்டி, டாங்கிகளின் இரைச்சலைக் கேட்கச் செய்தார் ஹாலிங்வொர்த்.

1963-இல், பெய்ரூட்டில் மாயமான பிரிட்டன் உளவாளி கிம் ஃபில்பி சோவியத் யூனியனுக்குத் தப்பிவிட்டதாக 'கார்டியன்' நாளிதழுக்கு எழுதினார். அவதூறு வழக்குக்கு அஞ்சிய ஆசிரியர், அதனைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தார். ஃபில்பி மாஸ்கோவில் இருப்பது பின்னர் உறுதியானது.

போலந்துப் போர் குறித்து 1940-இல் நூல் எழுதிய அவரது தன்வரலாறு 1990-இல் வெளியானது. நேரில் கண்டதை, பிறர் நம்பாதபோதும் உறுதியுடன் எழுதிய ஹாலிங்வொர்த், 2017-இல் ஹாங்காங்கில் 105-ஆவது வயதில் காலமானார்.