தக்காளி விலையும் சிலந்தி வலையும்

2023 ஜூலையில் சென்னையில் ஒரு கிலோ தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது. வடக்கே சில ஊர்களில் இருநூறு வரை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள். செய்தித்தாள்கள் இவற்றை இரண்டு தனிச் செய்திகளாகப் போட்டன. பொருளியல் கண்ணில் இரண்டும் ஒரே கதை.

முதலில் விலை ஏன் அவ்வளவு தாவியது என்று பார்க்கலாம். வழக்கமாக 100 பெட்டி வரும் சந்தைக்கு ஒரு நாள் 80தான் வருகிறது. மீதி 20 பெட்டிக்கான ஆட்கள் வேண்டாம் என்று ஒதுங்கும்வரை விலை ஏறியாக வேண்டும். சுலபத்தில் ஒதுங்குகிறவர்கள் என்றால் சிறிய ஏற்றமே போதும். தக்காளி வாங்குகிறவர்கள் அப்படி இல்லை. ரசத்துக்குப் புளியைக் கூட்டிக் கரைத்துவிடலாம், சாம்பாரில் நான்குக்கு இரண்டு போடலாம்; தக்காளித் தொக்குக்கு என்ன செய்வது? ஓட்டல்காரரோ சட்னியை நிறுத்தவே முடியாது. விலை ஏறினாலும் வாங்குவது அதிகம் குறையாத இந்த நிலைக்கு ‘நெகிழ்ச்சி குறைந்த தேவை’ என்று பெயர். அதனால்தான் வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே விலை இரண்டு, மூன்று மடங்காகிறது.

வரத்து குறைந்ததற்கு வெயில், நோய், மழை என்று பல காரணங்கள். அவற்றில் ஒன்று அதிகம் பேசப்படவில்லை: முந்தைய மாதங்களில் விலை படுத்துக் கிடந்ததால் பலர் நடவைக் குறைத்திருந்தார்கள். ஜூலை விலையைப் பார்த்து அவர்கள் உடனே நட்டாலும் பயனில்லை. நாற்று விட்டு எடுக்கச் சுமார் 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல். பழம் சந்தைக்கு வரும்போது, அதே விலையை நம்பி நட்ட மற்ற எல்லோருடைய பழமும் கூடவே வந்து நிற்கும். விலை சரியும், சரிந்ததைக் கண்டு அடுத்த நடவு குறையும், விலை மறுபடி ஏறும். வரைபடத்தில் இந்தப் போக்கு வலை பின்னியதுபோல் விழுவதால் 1934இல் நிக்கலஸ் கால்டார் இதற்குச் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்று பெயரிட்டார். ஜூலையில் கையில் காய் இருந்தவர்கள் லட்சக்கணக்கில் காசு பார்த்தார்கள். செப்டம்பரில் கொட்டியவர்களில் பலர் விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்து நட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்த ஜூலையில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. இது விலை உச்சவரம்பு அல்ல. சந்தை விலைக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டது. எல்லாக் கடையும் அறுபதுக்கே விற்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தால் லாரிகள் அதிக விலை தரும் வேறு மாநிலத்துக்குத் திரும்பியிருக்கும்.

நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஜூனில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, ஜூலையில் 7.44 ஆனது. விலைக் குறியீட்டுக் கூடையில் ஒரு சதவீத எடைகூட இல்லாத தக்காளிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் ரிசர்வ் வங்கி ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. சரியான முடிவுதான்: வட்டியை ஏற்றினால் செடி சீக்கிரம் காய்த்துவிடாது. ஒரு பொருளின் விலை தாவுவது வேறு, பொதுவாக எல்லா விலையும் ஏறுவது வேறு. அக்டோபரில் பணவீக்கம் மீண்டும் 5க்குக் கீழே வந்தது.

வெங்காயத்தில் மத்திய அரசு வேறு வழியில் போனது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. டிசம்பரில் தடையே வந்தது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு உள்ளூரில் தேங்கினால் நகரத்தில் விலை இறங்கும். அந்த இறக்கத்தின் செலவு அரசு கணக்கில் ஏறாது, விளைவித்தவர் கணக்கில் ஏறும். மகாராஷ்டிரத்தின் லாசல்கான் சந்தையில் ஏலம் நின்றது அதனால்தான். தடை 2024 மே மாதம் விலகியது. வரி முழுதும் நீங்கியது 2025 ஏப்ரல் 1இல், புது அறுவடை குவிந்து லாசல்கானில் விலை இறங்கத் தொடங்கிய பிறகு.