ஒரு முகவரி, பல பெயர்கள்

முன்பு பண்டமாரான் பக்கத்துத் தோட்டங்களில் கடிதங்கள் ஆபீசுக்கே வரும். முகவரி ஒன்றுதான். கிராணியார் உறையிலுள்ள பெயரைப் பார்த்து உரியவரிடம் கொடுப்பார்.

இணையத்திலும் இதே முறைதான். கோயில், பள்ளி, கடை என நூற்றுக்கணக்கான தளங்கள் 'சர்வர்' என்னும் ஒரே கணினியில், ஒரே எண் முகவரியில் குடியிருக்கலாம். நாம் தேடும் தளத்தின் பெயரையும் கைப்பேசி சேர்த்தே அனுப்புகிறது. 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதி இதைக் கட்டாயமாக்கியது. பழைய எண் முறையில் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. ஆகவே இந்தச் சிக்கனம். செலவும் குறைவு.

ஆனால் அக்கணினி நின்றால் அத்தனை தளங்களும் நின்றுவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலோ, வேறொருவர் வாசலில் நிற்போம். ஆகவே வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுக்குமுன், பெயரை எழுத்தெழுத்தாக வாசிப்போம்.