மாம்பானத்துக்கு ஒரு நுண்ணுயிர்க் காவல்

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளின் பெங்களூரா ரகக் காய்கள் கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் போகின்றன. கூழில் செய்த பானத்தைச் சூடாக்கி அடைத்துவிட்டால் கெடாது என்ற நம்பிக்கையை உடைப்பது அலிசைக்ளோபாசிலஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் பாஸ்டர் முறைச் சூட்டுக்கும் புளிப்புக்கும் அசராதவை. முளைத்தாலும் டப்பா உப்பாது. திறந்தால் மருந்து நெடி அடிக்கும், அவ்வளவுதான். இதை அடக்கவல்லது நைசின். பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியா சுரக்கும், 34 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. 1928-இல் தடயம் தெரிந்து, 1947-இல் பெயர் பெற்று, 1969-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு நிபுணர் குழுவால் ஏற்கப்பட்டது. சாப்பிட்டால் நம் குடல் நொதிகளே அதை வெட்டிப்போடும்.

தன் நஞ்சில் தானே சாகாமல் நைசின் சுரக்கும் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். செல்லுக்குள் உருவாகும் நைசினில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை நைசின், உறைக்குள் இருக்கும் அரிவாள். வெளியேறியதும் ஒரு நொதி அந்தத் துண்டை நறுக்கிவிடும். வெளியே திரியும் நைசின் செல்லின் மேற்பரப்பு உணர்வியைத் தொட்டு மேலும் உற்பத்தியைத் தூண்டும். திரும்பிப் பாயும் நைசினை மேற்பரப்பில் உள்ள காப்புப் புரதங்கள் தடுக்கும். விளைச்சலுக்கு எல்லை வகுப்பதில் இந்தத் தற்காப்பு வலிமைக்கும் பங்குண்டு. காப்பு மரபணுக்களைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்ததை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இப்படி மரபணு கூட்டிய பாக்டீரியாவில் நைசின் எடுத்தால், ‘மரபணு மாற்றிய கிருமியையா குடிப்பது?’ என்பார்கள். கிருமி மூடிய கலனோடு நிற்கும். நைசினைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்துதான் உணவில் சேர்ப்பார்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் வரும் பொம்மசந்திராவில் வேரூன்றிய பயோகான், மரபணு மாற்றிய ஈஸ்டில் தயாரித்த மனித இன்சுலினை 2004-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நோயாளிக்கு வேறு வழியில்லை, சோற்றுக்கு உண்டு என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதற்கு லேபிளில் உண்மையைச் சொல்வதுதான் பதில். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: நைசின் ஈஸ்டையும் பூஞ்சையையும் தொடாது, ஆக அழுகிய பழத்தை அது காப்பாற்றாது. ஆனாலும் பதப்பொருள் கைவசம் இருந்தால் பழம் தரம் பிரிப்பதில் கை தளரும் என்ற அச்சம் எனக்குண்டு. அலிசைக்ளோபாசிலஸின் வித்துகள் மண்ணில் கிடப்பவை. தரையில் விழுந்த காயோடும், மாற்றாமல் புழங்கும் கழுவுநீரோடும் ஆலைக்குள் நுழைகின்றன. எவ்வளவு நைசின் போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கழுவுநீரைச் சோதனைக்கு எடுப்பதில் பெரிய செலவு எதுவுமில்லை.