யோபோ மரம்: பட்டை ஒரு கதை, விதை வேற கதை

இன்னிக்கு நாம பேசப் போறது தென் அமெரிக்காவுல வளர்ற அனடெனன்தெராங்கிற மரத்தைப் பத்தி. ஒரினோகோ ஆத்துப் பக்கம் இதை யோபோன்னு சொல்வாங்க, ஆண்டிஸ் மலைப் பக்கம் வில்கா. இலையைப் பார்த்தா நம்ம வேலமரம் ஞாபகம் வரும்.

பிரேசில்ல இதோட பட்டையை இருமலுக்குக் கஷாயம் வெச்சுக் குடிக்கிறாங்க. டானின் நிறைய இருக்கறதால தோல் பதனிடவும் அதே பட்டைதான். இதுவரைக்கும் சாதாரண மூலிகை. விதைக்கு வந்தா கதையே மாறுது.

விதையில இருக்கிறது புஃபோடெனின். முதல்ல தேரைத் தோல்ல கண்டுபிடிச்சதால, தேரையோட லத்தீன் பேரான புஃபோ ஒட்டிக்கிச்சு. நம்ம உடம்புல இருக்கிற செரடோனினோட இரண்டு மெத்தில் தொகுதி சேர்ந்தா அதுதான் புஃபோடெனின். அதனால செரடோனின் உட்கார வேண்டிய ரிசப்டர்கள்ல இதுவும் போய் உட்கார்ந்துக்கும். மாயக்காட்சிகள் வர்றது அப்படித்தான்.

ஆனா விதையை முழுங்கினா, குடல்லயும் கல்லீரல்லயும் எம்ஏஓங்கிற என்சைம் ஃபயர்வால் மாதிரி நின்னு பெரும்பகுதியை உடைச்சிடும். அதை எப்படித் தாண்டுறது? அந்த மக்கள் விதையைப் பொடியாக்கி மூக்கு வழியா இழுத்தாங்க. கூடவே சுட்ட ஓட்டுச் சுண்ணாம்பு. காரத்தன்மை கூடினா ஆல்கலாய்டு உப்பு வடிவத்துல இருந்து விடுபட்டு, மூக்குச் சவ்வைச் சுலபமா தாண்டும். கோகா இலையோட சுண்ணாம்பு சேர்க்கிறதும் இதே டெக்னிக்தான்.

1800ல ஒரினோகோவுக்குப் போன ஹம்போல்ட், ஒட்டோமாக் மக்கள் இந்தப் பொடி செய்யறதைப் பார்த்தார். வீரியத்துக்குக் காரணம் சுண்ணாம்புதான்னு நினைச்சுட்டார். உண்மையில சுண்ணாம்பு கதவைத் திறக்குது, உள்ளே போறது விதை.

இன்னொரு முக்கியமான விஷயம். வைத்தியத்துல பல சமயம் பொடியை இழுக்கிறது நோயாளி இல்ல, வைத்தியர். நோய்க்குக் காரணம் என்னன்னு 'பார்க்கிறதுக்காக'. அதுக்கு வருஷக்கணக்கா பயிற்சி எடுத்தவர் அவர்.

இதே புஃபோடெனினை 1950கள்ல அமெரிக்காவின் ஒஹையோ சிறையில கைதிகளுக்கு ஊசியா போட்டுப் பார்த்தாங்க. முகமே ஊதா நிறமாச்சு. பொருள் அதேதான், முறை மட்டும் காணோம்.

'இயற்கைதானே ப்ரோ'ன்னு ஆன்லைன்ல விதை தேடறவங்களுக்கும் இதைத்தான் சொல்லணும். சில மனச்சோர்வு மாத்திரைகள் அந்த எம்ஏஓவையே ஆஃப் பண்ணி வெச்சிருக்கும். அந்த நேரத்துல உங்க உடம்புல ஃபயர்வாலே கிடையாது. எந்தப் பகுதி, எந்த வழி, எவ்வளவு, யாருக்கு... இது எல்லாம் சேர்ந்ததுதான் அவங்க மருத்துவம். பார்சல்ல வர்றது வெறும் விதை.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.